ரெஃபூஜியம்: அகதி அறையா, புகலறையா?

கோத்தகிரியில் எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் போன மழைக்காலத்தில் கடல்மீன் தொட்டி ஒன்று வாங்கினான். மூன்றடி நீளம், கீழே அலமாரிக்குள் சம்ப் என்கிற துணைத் தொட்டி, அதற்குள் மூன்று தடுப்புகள். நடுத் தடுப்புக்கு ஆங்கிலத்தில் ரெஃபூஜியம் என்று பேர்; கூடவே வந்த தமிழ்க் கையேட்டில் அதை ‘அகதி அறை’ என்று போட்டிருந்தார்கள். அதற்குச் சில நாள் முன்புதான் ஒரு காணொளியில் ‘அகதித் தொட்டி’ என்று கேட்டிருந்தேன். அப்புறம் தொட்டிக்கு உப்பு வாங்க அழைத்தபோது கடைக்காரரும் அதையே சொன்னார். மூன்றாவது முறைக்குமேல் சும்மா இருக்க முடியவில்லை.

இது வெறும் சொல் தகராறு இல்லை. பெரிய டாம்சல் மீன் ஒன்று சின்னதை ஓட ஓட விரட்டிக்கொண்டிருந்தது. பையன் சின்னதைப் பிடித்து அந்த நடுத் தடுப்பில் விட்டான். “தொரத்தப்பட்டதுக்குத்தானே மாமா இந்த எடம்?” என்றான். அவன் மேல் தப்பே இல்லை. பெயர் என்ன சொன்னதோ அதைத்தான் செய்தான். பத்து நாளில் அந்த அறையில் இருந்த சிற்றுயிர்களை எல்லாம் அந்த மீன் தின்று தீர்த்துவிட்டது.

ரெஃபூஜியம் அடிபட்ட மீனுக்கான இடமில்லை. பெரிய தொட்டியின் தண்ணீரே மெதுவாக ஓடிப் போகிற, ஆனால் மீன் போக முடியாத தனி அறை அது. அதில் கேட்டோமார்ஃபா போன்ற பாசியை வளர்ப்பார்கள். மீன் கழிவிலிருந்து வரும் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் பாசி உறிஞ்சிக்கொள்ளும். வளர்ந்த பாசியை அள்ளி வெளியே போட்டால் அழுக்கும் கூடவே போய்விடும். பாசிக்கிடையில் கோபிபாட் என்கிற துடுப்புக்காலிகள் பெருகி, கொஞ்சம் கொஞ்சமாக மேல் தொட்டிக்குப் போய் மீனுக்கு இரையாகும். மேலே விளக்கு அணைந்த பிறகு இங்கே விளக்கு எரியும். இருட்டில் தண்ணீரில் கரியமில வாயு கூடி அமிலத்தன்மை ஏறுவதை அது மட்டுப்படுத்தும்.

சொல் லத்தீன். ‘ஃபுகேரே’ என்றால் தப்பி ஓடுதல். ‘ரெ’ என்றால் பின்னோக்கி. ஓடிப்போய் ஒதுங்கும் இடம் ரெஃபூஜியம். உயிரியலில், பனியூழிக் காலத்தில் மற்ற இடங்களில் அழிந்துபோன உயிரினங்கள் தப்பிப் பிழைத்த இடத்துக்கு இந்தப் பெயர். நீலகிரிக்காரர்களுக்கு இது எளிதில் பிடிபடும். திறந்த புல்வெளியில் விழும் உறைபனி சோலைக்காட்டு மர நாற்றுகளைக் கருக்கிவிடுகிறது. மலைமடிப்புகளில் மட்டும் சோலை தங்கி நிற்கிறது. அந்த மடிப்புதான் ரெஃபூஜியம்.

‘ரெஃப்யூஜி’யும் இதே வேரில் பிறந்ததுதான். ஆனால் அது ஆளைக் குறிக்கிறது, இது இடத்தைக் குறிக்கிறது. மொழிபெயர்த்தவர் அகராதியில் பக்கத்துச் சொல்லைப் பார்த்துவிட்டு ஆளின் பெயரை இடத்துக்கு வைத்துவிட்டார். பொருளும் நேர்மாறாகிவிட்டது. கதி இல்லாதவர் அகதி. போக வழியில்லை, பிடிக்கக் கொம்பில்லை என்று நிற்பவர். துடுப்புக்காலிக்கு அந்த அறையில் எந்தக் கதி இல்லை? இரை இருக்கிறது, மறைவு இருக்கிறது, தின்ன வருபவன் இல்லை. ஆயிரமாயிரமாகப் பெருகுகிறது.

இன்னொன்றும் உண்டு. இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1964 ஒப்பந்தம், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் இருந்த மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியாவின் பங்கு என்று எழுதியது. அப்படி வந்தவர்களுக்காகவே 1968இல் இந்த மலையில் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கியது. அவர்கள் இந்தியக் குடிமக்கள். சட்டம் அவர்களைத் தாயகம் திரும்பியோர் என்கிறது. ஊர் மட்டும் ‘அகதி’ என்றது. அந்தப் பையனின் அப்பாயி இலங்கையின் ஹட்டன் பக்கத்திலிருந்து வந்து, முப்பது வருஷம் கொழுந்து பறித்தவர். கையேட்டை வாங்கி, கண்ணுக்குக் கிட்டே பிடித்து, எழுத்துக் கூட்டி வாசித்தார். பிறகு அதை நாலாக மடித்துத் தொட்டி மேல் வைத்துவிட்டு, “இதுக்குமா இந்தப் பேரு?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. இந்த ஊரில் அந்தச் சொல்லை ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு ஒட்டுவது எனக்கு ஒப்பவே இல்லை.

சரி, ‘அடைக்கல அறை’ ஆகாதா என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல சொல்தான். ஆனால் அடைக்கலம் என்றால் ஏற்றுக்கொண்டு காப்பவர் ஒருவர் வேண்டும். கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் ஒப்படைப்பதுதான் அடைக்கலம். இந்த அறையில் காவல் யாரும் இல்லை. தின்னும் வாய் இல்லை, அவ்வளவுதான். ‘சரணாலயம்’ அரசு அறிவித்த காட்டின் பெயராகிவிட்டது, அதை விட்டுவிடுவோம்.

நமக்குப் புகல் இருக்கிறது. புகு என்ற வினையிலிருந்து வந்த தூய தமிழ்; நுழைதலும் உண்டு, தஞ்சமும் உண்டு. சீகாழியின் 12 பெயர்களில் ஒன்று புகலி. சூரபதுமனுக்கு அஞ்சிய தேவர்கள் புகுந்த ஊர் என்று தலபுராணம் சொல்லும். சோலைக்குப் புகலிடம் என்பது அப்படியே பொருந்தும். தொட்டிக்கு? புகல்தொட்டி என்று எழுதலாமென்றால் இலக்கணம் புகற்றொட்டி என்று திருத்தும். அதைக் கடையில் யாரும் கேட்கப்போவதில்லை. அறை என்று முடித்தால் முட்டாமல் சேர்கிறது: புகலறை. நாடிழந்து போனவர்களும் தாங்கள் சேர்ந்த மண்ணைப் புகலிடம் என்றுதானே எழுதுகிறார்கள், அது காயப்படுத்தாதா? படுத்தாது. அது அவர்களே தங்கள் இடத்துக்கு வைத்த பெயர்.

ரெஃபூஜியம் என்றே சொல்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. தொட்டியைக் கண்ணால் பாராமலே தமிழ் செய்கிறவர்களோடுதான். அதே கையேட்டில், தண்ணீரின் கழிவை நுரையாக்கி எடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மர் ‘புரதப் பாலாடை நீக்கி’ ஆகியிருந்தது. மொழிபெயர்த்தவர் அரை மணி நேரம் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தால் பழுப்பு நுரை பொங்கிக் கிண்ணத்தில் வழிவது தெரிந்திருக்கும். நுரைநீக்கி என்று யாரும் சொல்லித் தராமலே எழுதியிருப்பார்.

டாம்சலை எடுத்துவிட்டுக் கடையிலிருந்து புதுச் சிற்றுயிர் வாங்கி விட்டோம். ஒரு மாதம் கழித்து, இரவில் டார்ச் அடித்துக் காட்டினான். கண்ணாடியில் ரவை ஒட்டினாற்போல் வெள்ளைப் புள்ளிகள். வெளிச்சம் பட்டதும் வெடுக் வெடுக்கென்று துள்ளின. அப்பாயியும் குனிந்து பார்த்தார். நேற்றுப் பையன் அழைத்தான். “மாமா, புகலறையில பாசி மண்டிப்போச்சு, பாதி அள்ளிட்டேன். சம்ப்புக்கு என்ன சொல்லணும்?” அடித்தொட்டி என்று சொல்லியிருக்கிறேன்.