வாட்டர்ப்ரூஃப்னா எதுவரைக்கும் ப்ரூஃப்?

போன் கடைல "இது வாட்டர்ப்ரூஃப் சார், தைரியமா தண்ணில போடுங்க"ன்னு சொல்லித்தான் விப்பாங்க. ஆனா கம்பெனி பேப்பரைப் படிச்சா வாட்டர் ரெசிஸ்டண்ட்னு இருக்கும், ரெண்டும் ஒண்ணு இல்லீங்க. மொதல் வார்த்தைக்கு தண்ணி உள்ள போகவே போகாதுன்னு அர்த்தம், ரெண்டாவதுக்கு ஒரு அளவுக்குத் தாங்கும்னுதான் அர்த்தம். வாட்ச்சுக்கு இருக்கற ஐஎஸ்ஓ 22810ங்கற சர்வதேச தரமும் ரெசிஸ்டண்ட்னுதான் சொல்லுது.

அந்த அளவைத்தான் ஐபி நம்பர் சொல்லுது, அதாவது தூசியும் தண்ணியும் உள்ள போகாம எவ்வளவு தடுக்கும்னு காட்டற குறியீடு. ஐபி67ல 6 தூசிக்கு, 7 தண்ணிக்கு, அதாவது 1 மீட்டர் ஆழத்துல 30 நிமிஷம். 7க்கு பதிலா 8ன்னா அதவிடக் கஷ்டமான டெஸ்ட், ஆழமும் நேரமும் கம்பெனியே சொல்லிக்கலாம், அதனாலதான் ஐபோன் 12க்கு 6 மீட்டர், சாம்சங் கேலக்ஸி எஸ்21க்கு 1.5 மீட்டர், ஆனா ரெண்டு மேலயும் ஐபி68னே போட்டிருக்கும். இன்னொண்ணு, 7, 8 பாஸ் ஆன போன் ஹோஸ் பைப்ல பீய்ச்சற தண்ணியத் தாங்கும்னு சொல்ல முடியாது, அதுக்கு 5, 6னு தனி டெஸ்ட் இருக்கு. இது நெறைய பேருக்குத் தெரியறதில்ல.

சரி, ஸ்பீக்கர்ல ஓட்டை இருக்கே, தண்ணி எப்படி உள்ள போகாம இருக்கு? எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயமே இதுதான். அந்த ஓட்டைக்குப் பின்னாடி கண்ணுக்கே தெரியாத துளைங்க உள்ள ஒரு மெல்லிசான படலம் வைப்பாங்க, அது தண்ணி ஒட்டாத பொருள், காத்தும் சத்தமும் போகும், ஆனா தண்ணிக்கு பரப்பு இழுவிசை இருக்கறதால அது உருண்டு நிக்குமே தவிர அவ்ளோ சின்ன துளைக்குள்ள நுழையாது. அழுத்தம் கூடினா அந்த இழுவிசை தோத்துடும், தண்ணில ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கறதுக்கும் கிட்டத்தட்ட 1 வளிமண்டல அழுத்தம் கூடும். சோப்பு, ஷாம்பு கலந்தா ஆழமே தேவையில்ல, அதுங்க இழுவிசையக் கொறைச்சு படலத்தை ஈசியா நனைச்சிடும். டெஸ்ட் பண்றதோ நல்ல தண்ணில!

மத்த இடுக்கெல்லாம் ரப்பர் வளையமும் பசையும்தான். அது வருஷம் ஆக ஆக இறுகும், கீழ விழுந்தா விலகும், டிஸ்ப்ளே மாத்தறப்ப பசைய சரியா ஒட்டலன்னா ஐபி68 அன்னிக்கே போச்சு. கடல் தண்ணி பட்டிருந்தா நல்ல தண்ணில லேசா அலசிட்டு, போர்ட் முழுசா காயற வரைக்கும் சார்ஜர் சொருகாதீங்க, உப்புத் தண்ணில கரண்ட் பாஞ்சா உள்ள இருக்கற பின்னுங்க வேகமா அரிச்சிடும்.