சுழற்சியைப் பறிகொடுக்கும் வாயு

"கேலக்சிகள் (விண்மீன் மண்டலங்கள்) மோதினாலும் விண்மீன்கள் மோதாது என்கிறீர்கள். அப்புறம் நடுவில் இருக்கும் கருந்துளை மட்டும் ஏன் விழித்துக்கொண்டு வாயுவை விழுங்குகிறது?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். கேட்க வேண்டிய இடத்தில் கேட்ட கேள்வி.

விண்மீன்களுக்கு இடையிலான தூரம் மிகப் பெரிது, அதனால் அவை விலகிப் போய்விடும். முட்டிக்கொள்வது வாயு. ஆனால் அந்த வாயுவும் நேராகப் போய்க் கருந்துளைக்குள் விழுந்துவிடாது. கருந்துளை எல்லாவற்றையும் உறிஞ்சிவிடும் என்ற எண்ணம் தவறு. நம் பால்வீதியின் மையத்தில் சுமார் 40 லட்சம் சூரிய நிறை கொண்ட கருந்துளை இருக்கிறது. சூரியனோ 26,000 ஒளியாண்டு தள்ளி, நொடிக்குச் சுமார் 220 கி.மீ. வேகத்தில் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கிறது. சுற்றும் பொருளின் கோண உந்தம், அதாவது அதைச் சுற்றவைத்துக்கொண்டிருக்கும் சுழற்சியின் அளவு, பறிபோனால்தான் அது உள்ளே இறங்கும். அப்படியென்றால் மோதலில் அதைப் பறிப்பது யார்?

பறிப்பவை விண்மீன்கள்! எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். இன்னொரு கேலக்சி நெருங்கும்போது, கடலில் ஓதத்தை உண்டாக்கும் அதே ஈர்ப்பு வேறுபாடு கேலக்சியின் வட்டத் தட்டை நசுக்குகிறது. நடுவில் விண்மீன்கள் நீள்பட்டையாகத் திரள்கின்றன. வாயுவும் அப்படியே ஒரு பட்டையாகிறது. ஆனால் வாயு மேகங்கள் ஒன்றோடொன்று முட்டி ஆற்றலை இழக்கும், விண்மீன்கள் இழக்காது. இதனால் இரண்டு பட்டைகளும் ஒரே கோட்டில் நிற்பதில்லை. சுழலும் திசையில் வாயுப்பட்டை சில பாகை முந்திவிடுகிறது. முன்னே ஓடும் கன்றைக் கயிற்றால் பின்னுக்கு இழுப்பதுபோல, பின்தங்கிய விண்மீன்கள் தம் ஈர்ப்பால் வாயுவை இழுக்கின்றன. வாயுவின் சுழற்சி விண்மீன்களுக்குப் போகிறது. பிடிமானம் இழந்த வாயு மையத்தை நோக்கிச் சரிகிறது. வானியற்பியலாளர்கள் பார்ன்ஸும் ஹெர்ன்குவிஸ்டும் 1990-களில் கணினியில் கேலக்சிகளை மோதவிட்டு இதைக் காட்டினார்கள். சில பாகைக் கோணம், அவ்வளவுதான்!

மிச்சப் பாதை தெரிந்த கதை. மையத்தை எட்டிய வாயுவில் ஒரு பகுதி கருந்துளையைச் சுற்றித் தட்டாகி, உராய்ந்து, கொதித்து ஒளிர்கிறது. விண்மீன்களை எரியவைக்கும் அணுக்கரு இணைவில் நிறையில் 0.7 சதவீதம்தான் ஆற்றலாகிறது, இங்கே சுமார் 10 சதவீதம்.

அதற்காக, ஒளிரும் கருந்துளைக்கெல்லாம் மோதல்தான் காரணம் என்று சொல்லக்கூடாது. ஹபிள் படங்களை வைத்து 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒளிரும் கருந்துளை உள்ள கேலக்சிகள் மற்றவற்றைவிட அதிகமாகச் சிதைந்திருக்கவில்லை. ஆனால் மோதலில் திரளும் தூசியே கருந்துளையை மறைத்துவிடும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். அகச்சிவப்பிலும் எக்ஸ் கதிரிலும் தேடியபோது, தூசிக்குள் ஒளிந்தவை மோதும் கேலக்சிகளில் கூடுதலாகவே சிக்கின.

அப்படிச் சிக்கியதுதான் சுமார் 40 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள என்.ஜி.சி. 6240 என்ற மோதும் கேலக்சி. அதற்குள் ஏறக்குறைய 3,000 ஒளியாண்டு இடைவெளியில் இரண்டு கருந்துளைகள் ஒரே நேரத்தில் வாயுவை விழுங்கிக்கொண்டிருப்பதை 2002-இல் சந்திரா என்ற எக்ஸ் கதிர் விண்வெளித் தொலைநோக்கி காட்டியது. நம் சுப்ரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கிய தொலைநோக்கி அது. 2024-இல் நாசா அதன் நிதியைப் பெருமளவு குறைக்க முன்மொழிந்தபோது மனம் பொறுக்கவில்லை. எக்ஸ் கதிரில் அவ்வளவு கூர்மையான பார்வை இன்று வேறெந்தத் தொலைநோக்கிக்கும் கிடையாது. அது இல்லாமல் போனால், இப்படி நெருங்கி நிற்கும் ஜோடி நமக்கு ஒற்றைப் புள்ளியாகத்தான் தெரியும்.