கவருக்குள்ளே விழும் கீறல்

லேப்டாப் சர்வீஸ் செய்யும்போது, எந்த வேலைக்கும் முன்னால் கவரைக் கழற்ற வேண்டியிருக்கும். அப்போதுதான் சிலருக்கு முகம் மாறும். அண்மையில் ஒருவர் இரண்டு வருடமாகக் கழற்றாத கடினக் கவரோடு வந்தார். எடுத்துப் பார்த்தால் நான்கு மூலையிலும் கிளிப் பிடித்த இடம் பளபளவென்று தேய்ந்திருந்தது. மூடியின் நடுவே, துணியால் துடைத்த தடம்போல வளைவு வளைவாக மெல்லிய கோடுகள். "கீறல் விழக் கூடாதுன்னுதானே கவரே போட்டேன்?" என்றார். நியாயமான கேள்விதான்.

இந்தக் கவர்கள் பெரும்பாலும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக். அலுமினிய லேப்டாப்பின் மேற்பரப்போ அனோடைஸ் செய்யப்பட்டது, அதாவது அலுமினிய ஆக்சைடு படலம். பிளாஸ்டிக்கைவிட அது கடினம். வெறும் பிளாஸ்டிக் உரசி அதைக் கீற முடியாது. கீறுவது இடையில் மாட்டிக்கொண்ட தூசி. தூசியில் மணல் துகள் இருக்கும். மணலில் உள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம், எது எதைக் கீறும் என்று காட்டும் மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் 7. சாதாரணக் கத்தியே அதில் 5.5 அளவில்தான் நிற்கும். அனோடைஸ் படலம் கடினமென்றாலும் அதன் தடிமன் மைக்ரான் கணக்கில்தான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு. அதற்கடியில் உள்ள அலுமினியம் 3-ஐக்கூடத் தொடாத மென்மையான உலோகம். காய்ந்த சேற்றின் மேலோடு மாதிரி: மேலே கெட்டி, அழுத்தினால் உள்ளே போய்விடும்.

கவர் இல்லாத லேப்டாப்பில் விழுந்த தூசி, துடைத்தால் போய்விடும். கவருக்குள் நுழைந்தது போக வழியில்லை. பைக்குள் ஒவ்வொரு முறை குலுங்கும்போதும் கவர் ஒரு மயிரிழை நகரும், துகளும் கூடவே நகரும். மெல்லிய உப்புத்தாளை மாட்டிக்கொண்டு நடப்பது போலத்தான். லூசான கவர் இன்னும் மோசம்.

பெயின்ட் அடித்த பிளாஸ்டிக் அல்லது மெக்னீசியம் உடல் கொண்ட லேப்டாப்புக்கு நான் கடினக் கவரைச் சொல்வதே இல்லை. அதில் மணல் தேவையில்லை, கிளிப்பே பெயின்டைத் தேய்த்துவிடும். மெத்தென்ற உறைப்பை போதும்.

ஆனால் கோடு தெரிந்தாலே கீறல் என்று பதறாதீர்கள். நகத்தை மெதுவாகக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்கினால் கீறல். வழுவழுவென்று போனால், பல நேரம் கவரின் பிளாஸ்டிக் ஒட்டிய தடம். லேசாக ஈரமாக்கிய மைக்ரோஃபைபர் துணிக்கே வந்துவிடும். அசிட்டோன் மட்டும் வேண்டாம், கவரில் பட்டால் அது வெளுத்து விரிசல் விடும்.

சரி, கழற்றும்போது? நான் பார்த்த ஆழமான கீறல்கள் பல அப்போது விழுந்தவை. ஸ்க்ரூடிரைவரை இடுக்கில் விட்டு நெம்பியிருப்பார்கள். விரலால் ஒரு மூலைக் கிளிப்பை வெளிப்பக்கமாக வளைத்து விடுவித்து, அப்புறம் பக்கத்து மூலைக்குப் போனால் போதும். மாதம் ஒருமுறை இப்படிக் கழற்றி, இரண்டு பக்கமும் துடைத்து, ஈரம் காய்ந்த பிறகு மாட்டுங்கள்.

இன்னொன்று, கீறலைவிட முக்கியமானது. நன்றாகப் பொருந்தியிருந்த அடிக்கவர் திடீரென்று கிளிப் விட்டுக்கொண்டு எழும்பினால், கவர் கெட்டுப்போனது என்று டேப் ஒட்டாதீர்கள். பேட்டரி வீங்கியிருக்கலாம். சார்ஜரைப் பிடுங்கி, அணைத்து, அழுத்தாமல் கொண்டு வாருங்கள். கவர் இறுக்கிப் பிடித்திருப்பதாலேயே வீக்கத்தைத் தாமதமாகக் கண்டுபிடிப்பவர்கள் உண்டு.

அந்த இரண்டு வருடக்காரரின் மூடியில் பாதிக் கோடுகள் துடைத்ததும் போய்விட்டன. மூலைகள் போகவில்லை. வேலை முடிந்ததும் அதே கவரைத்தான் திரும்ப மாட்டிக்கொண்டு கிளம்பினார், தேய்ந்த மூலை வெளியே தெரியக் கூடாதாம்.