கொடிமலை ரயிலில் இல்லாத நெம்புகோல்

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கணினி விளையாட்டு ஒன்றுக்குக் கதை எழுதுகிறாராம். பினாங்குக் கொடிமலையில் இரண்டு ரயில் பெட்டிகள் எதிரெதிரே விரைகின்றன. விளையாடுபவர் உரிய நொடியில் நெம்புகோலை இழுத்துத் தம் பெட்டியைப் பக்கத்துத் தண்டவாளத்துக்குத் திருப்பினால் பிழைப்பார். "அந்த நெம்புகோல் பெட்டிக்குள் இருக்குமா, பாதையோரம் இருக்குமா?" என்று கேட்கிறார்.

இரண்டு இடத்திலும் இருக்காது. ஏன் என்று சொல்வதற்குத்தான் இந்தக் கட்டுரை.

அடிவாரத்து ஆயர் ஈத்தாமிலிருந்து கொடிமலைக்கு 1923இல் ரயில் ஓடத் தொடங்கியது. பாதி வழியில் இறங்கி வேறு பெட்டிக்கு மாறியதை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். 2011இல் வந்த புதிய பெட்டிகள் சுமார் 2 கிலோமீட்டர் பாதையை ஒரே மூச்சில் கடக்கின்றன. ஒன்றில் நூறு பேர் வரை ஏறலாம். அடிப்படை எளிது: ஒரே கம்பிவடத்தின் இரு முனைகளில் இரண்டு பெட்டிகள். கிணற்றுக் கப்பியில் இரண்டு வாளிகளைக் கட்டியது போல, ஒன்று இறங்க மற்றொன்று ஏறும். பெட்டிகளின் எடை ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுவதால், மேல் நிலையத்து மோட்டார் பெரும்பாலும் பயணிகளின் எடை வித்தியாசத்தையும் உராய்வையும் சமாளித்தால் போதும்.

ஆனால் பாதை ஒன்றுதானே? நடுவில் மட்டும் அது இரண்டாகப் பிரிந்து மீண்டும் சேர்கிறது. அங்கே எந்தப் பெட்டி எந்தப் பக்கம் போகும் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்?

சக்கரங்கள்தான். சாதாரண ரயில் சக்கரத்துக்கு உட்புறம் மட்டும் ஒரு விளிம்பு உண்டு. பாதை மாற வேண்டுமானால் தண்டவாளத்தின் நாக்கு, அதாவது பாதை பிரியும் இடத்தில் அசையும் கூர்முனைத் துண்டு, நகர வேண்டும். மலை ரயிலில் அது பெருந்தொல்லை. கம்பிவடம் பாதையின் நடுவே கிடக்கிறது. பெட்டி ஒரு பக்கம் ஒதுங்கும்போது வடமும் உள்தண்டவாளத்தைக் குறுக்கே கடந்தாக வேண்டும். அதற்கு அந்தத் தண்டவாளத்தில் இடைவெளி விடவேண்டும். இடைவெளியில் விளிம்புச் சக்கரம் எப்படிப் போகும்?

சுவிட்சர்லாந்தின் ரோமன் ஆப்ட் என்ற பொறியாளர் இதற்குக் கண்ட விடை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நடைமுறைக்கு வந்தது. ஒரு பெட்டியின் இடப்புறச் சக்கரங்களுக்கு மட்டும் இருபுறமும் விளிம்பு. அவை இடது தண்டவாளத்தைக் கவ்வியபடியே போகும். அந்த வெளித்தண்டவாளம் அடிவாரத்திலிருந்து உச்சி வரை எங்கும் அறுபடுவதில்லை. அதே பெட்டியின் வலப்புறச் சக்கரங்களோ விளிம்பே இல்லாத அகன்ற உருளைகள். இடைவெளி வந்தாலும் குறுக்கே தண்டவாளம் வந்தாலும் மேலேறி உருண்டுவிடும். மற்றப் பெட்டியில் எல்லாம் இடம் வலம் மாறியிருக்கும். ஆகவே இடப்பெட்டி ஏறினாலும் இறங்கினாலும் தன் இடது தண்டவாளத்தை விடாது. வலப்பெட்டி வலதை விடாது. நகரும் உறுப்பு ஒன்றுகூட அங்கே இல்லை. துருப்பிடித்துச் சிக்கிக்கொள்ள நாக்கில்லை, தூங்கிவிடக் காவலாளியும் இல்லை. நூறு தடவை பார்த்தும் எனக்கு இது அலுக்கவில்லை. அடுத்த முறை போகும்போது முன்கண்ணாடி ஓரமாக நின்று, பாதை பிரியும் இடத்தில் உள்தண்டவாளத்தின் வெட்டைத் தேடிப் பாருங்கள்.

"உச்சியில் முருகன் இருக்கிறான், மோதவிட மாட்டான்" என்று ஒரு பாட்டி பெட்டியில் சொல்லக் கேட்டேன். நானும் அந்த அருளொளித் திருமுருகனைக் கும்பிடுகிறவன்தான். ஆனால் மோதாமல் காப்பது அந்த இருவிளிம்புச் சக்கரம். அதற்குரிய பெருமையை அதற்குக் கொடுப்பதே நியாயம்.

அப்படியானால் ஆபத்தே இல்லையா? உண்டு. 2025 செப்டம்பர் 3ஆம் தேதி லிஸ்பனின் குளோரியா மலை ரயிலில் கம்பிவடம் பெட்டியுடன் இணையும் இடத்தில் விட்டுப்போய் 16 பேர் இறந்தார்கள். பெட்டியை இயக்கியவர் பிரேக்கைப் போட்டார். எதிர்ப்பாரம் இல்லாமல்போன பெட்டியை அந்தப் பிரேக்கால் தாங்க முடியவில்லை. தற்கால மலை ரயில்களின் அவசரப் பிரேக்கில் வில்சுருள் தண்டவாளத்தை இறுக்கிப் பிடிக்கக் காத்திருக்கும். எண்ணெய் அழுத்தம்தான் அதைத் திறந்து வைத்திருக்கும். அழுத்தம் போனால் பிடி தானாக விழும்.

புனைவுக்காகத் தொழில்நுட்பம் தேடுகிறவர்கள் கருவிகளின் பெயர்களைத் திரட்டுவதில் நாளைக் கழிக்கிறார்கள். 'இதனால் எது முடியாது?' என்று ஒரு பழுதுபார்ப்பவரிடம் கேட்டால் கதை அங்கேயே கிடைக்கும். நம் எழுத்தாளர்கள் பட்டறைகளில் சில நாள் நின்று பார்க்க உதவித்தொகை வேண்டும் என்று நெடுநாளாகச் சொல்லிவருகிறேன். பொன்னாடைக்கும் மாலைக்கும் செலவிடுவதில் ஒரு பங்கு போதும்.

வாசகிக்கு வருகிறேன். நெம்புகோலை எடுத்துவிடுங்கள், வடத்தை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கதாநாயகியின் பெட்டி அடிவாரத்திலிருந்து 300 மீட்டரில் நின்றுபோனால், மற்றது உச்சியிலிருந்து 300 மீட்டர் கீழே, காட்டுக்கு நடுவே நின்றிருக்கும். அதில் யார் இருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. தான் அடிவாரம் சேர வேண்டுமானால் அவர்களை உச்சிக்கு ஏற்றியாக வேண்டும்.