‘அட்மாஸ்ஃபெரிக்’ கேம்: வளிமண்டலமா, சூழலா?

கேம் விமர்சனங்களில் அடிக்கடி தென்படும் பாராட்டுச் சொல் ‘அட்மாஸ்ஃபெரிக்’. அகராதியைப் பார்த்து அப்படியே பெயர்த்தால் ‘வளிமண்டல விளையாட்டு’ என்றாகும். வானிலை ஆய்வாளர்கள் பொழுதுபோகாமல் ஆடும் கேம் என்று யாராவது நினைத்துக்கொண்டால் குற்றம் சொல்ல முடியாது.

சொல்லின் வேர் கிரேக்கம். ‘அட்மோஸ்’ என்றால் ஆவி, ‘ஸ்ஃபைரா’ என்றால் கோளம். இரண்டையும் ஒட்டி 17ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் இலத்தீனில் ஆக்கிக்கொண்ட சொல் இது; கோளைச் சூழ்ந்திருக்கும் ஆவிப் போர்வையைக் குறித்தது. ஓர் இடத்தில் கவிந்திருக்கும் உணர்வு என்ற பொருள் பின்னால் ஏறியது. முதல் பொருளுக்கு ‘வளிமண்டலம்’ கச்சிதம். இரண்டாவதற்கு அது உதவாது.

கேம் ஆடுபவர்கள் சொல்வது இந்த இரண்டாம் பொருளைத்தான். இடம், வேளை, ஒலி, ஒளி எல்லாம் ஒரே உணர்வின் பக்கம் சாயும்போது அந்தச் சொல் வாயில் வருகிறது. அச்சு அசலான கிராபிக்ஸ் இதற்குத் தேவையில்லை. 1999இல் வந்த ‘சைலன்ட் ஹில்’ என்ற திகில் கேமை எடுத்துக்கொள்ளுங்கள். தொலைவில் இருப்பதையெல்லாம் வரைந்து காட்டும் திறன் அது ஓடிய கேம் கருவியான அன்றைய பிளேஸ்டேஷனுக்கு இல்லை. அதை மறைக்க ஊர் முழுவதும் மூடுபனியைப் பரப்பினார்கள். பனிக்குள் என்ன நிற்கிறது என்று தெரியாததே அச்சமாகிவிட்டது. போதாக்குறைக்கு, கையிலுள்ள ரேடியோ பேயுருவங்கள் நெருங்கினால் இரையத் தொடங்கும். கண்ணுக்கு முன்பே காது பயந்துவிடும்.

2005இல் வந்த ‘ஷேடோ ஆஃப் த கொலோசஸ்’ நேர்மாறு. கண்ணுக்கு எட்டிய வரை வெட்டவெளி. 16 மாபெரும் உருவங்களைத் தவிர எதிரி என்று எவருமில்லை. அவற்றைத் தேடிக் குதிரையில் போகும் நெடுவழியில் பின்னணி இசை கிடையாது, குளம்பொலியும் காற்றும்தான். 2008இல் வந்த ‘டெட் ஸ்பேஸ்’ நாயகனுக்கு எவ்வளவு உயிர் மிச்சம் என்ற அளவைத் திரையின் மூலையில் காட்டாமல், அவன் உடையில் முதுகெலும்பை ஒட்டி ஒளிரவிட்டது. இதைச் சின்ன விஷயம் என்று நான் நினைக்கவில்லை. திரை நிறைய அம்புக்குறிகளும் எண்களும் மொய்த்தால், எவ்வளவு அழகான காடும் வெறும் வரைபடமாகிவிடும்.

‘ஆளை மூழ்கடிப்பது’ வேறு, இது வேறு. மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கும் ‘டெட்ரிஸ்’ மணிக்கணக்கில் நம்மை விழுங்கிவிடும். ஆனால் அதில் நாம் எந்த ஊரிலும் இல்லை.

இடமும் வேளையும் ஒலியும் உணர்வும் கூடும் இந்தச் சேர்க்கைக்குத் தமிழில் பழைய கணக்கு ஒன்று உண்டு. தொல்காப்பியம் அகப்பாட்டை முதல், கரு, உரி என்று மூன்றாகப் பிரிக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அங்கே வாழும் விலங்கு, புள், மரம், அங்கே ஒலிக்கும் பறை, யாழ் முதலியவை கருப்பொருள். பிரிவு, இரங்கல் போன்ற உணர்வு உரிப்பொருள். ஒன்றைவிட அடுத்தது சிறந்தது என்றும் சொல்லிவைத்திருக்கிறது. நிலத்தை வரைவதில் பணத்தைக் கொட்டிவிட்டு உரிப்பொருளை மறந்த கேம்கள் ஏன் சுற்றுலா விளம்பரம் போல இருக்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை. பறையையும் யாழையும் கருப்பொருளில் சேர்த்ததைக் கேமுக்கு ஒலி அமைப்பவர்கள் மெச்சுவார்கள்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? ‘சூழ்நிலை’ ஒத்துவராது; ‘சூழ்நிலைக் கைதி’ என்று சொல்லிச் சொல்லி அது நெருக்கடியின் பக்கம் போய்விட்டது. ‘சூழலியல்’ காடு, கடல், மாசு என்று வேறு துறைக்குப் போய்விட்டது. வெறும் ‘சூழல்’ எல்லாக் கேமிலும் இருக்கும், பாராட்டாகாது. மிகுதியைச் சொல்ல ஒன்று வேண்டும். ஆகவே ‘சூழல் செறிந்த’ என்பதே என் தேர்வு.

‘சூழ்’ என்ற வேரும் இதற்கு வாகானது. சுற்றி வளைத்தல் ஒரு பொருள். எண்ணித் திட்டமிடுதல் இன்னொரு பொருள். ‘மற்றொன்று சூழினும்’ என்று குறள் சொல்வது இரண்டாவதை. ‘சைலன்ட் ஹில்’லில் பனியைப் பரப்பியவர்கள் செய்தது இரண்டும்தான். பெயர்ச்சொல்லாக வேண்டுமென்றால் ‘சூழற்செறிவு’ எனலாம்: ‘கதை சுமார், சண்டை சுமார், சூழற்செறிவுக்காகவே ஆடலாம்.’