ஊட்டி ஏறிய பைக்கும் விமானத்தின் மூன்று லிவர்களும்

மேட்டுப்பாளையத்தில் டியூன் செய்த பழைய கார்புரேட்டர் பைக், ஊட்டி ஏறியதும் இழுக்காது. பிளக்கைக் கழற்றினால் கரி அப்பியிருக்கும். 2,240 மீட்டரில் காற்று மெலிந்துவிட்டது. பெட்ரோல் மட்டும் பழைய கணக்கிலேயே வருகிறது. எஃப்.ஐ. (கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பீய்ச்சும் முறை) வண்டியில் என்ஜினைக் கவனிக்கும் கம்ப்யூட்டரான ஈ.சி.யு.வே பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். பைலட் பயிற்சிக்குக் கிளம்பும் நீலகிரிப் பிள்ளைகளுக்கு இது புரிந்தால் பாதிப் பாடம் முடிந்தது.

கான்ஸ்டன்ட் ஸ்பீடு ப்ரொபெல்லர் (இறக்கைகளின் கோணத்தை மாற்றிச் சுழலும் வேகத்தை ஒரே அளவில் வைக்கும் காற்றாடி) உள்ள பிஸ்டன் விமானத்தில் மூன்று லிவர்கள்: கறுப்பு த்ராட்டில், நீல ப்ரொபெல்லர், சிவப்பு மிக்ஸ்சர் (காற்றோடு கலக்கும் பெட்ரோலின் அளவு). பார்க்காமலே கைக்குத் தெரியட்டும் என்று குமிழ்களின் வடிவமும் வேறு வேறு. நீலம் கிட்டத்தட்ட கியர்தான். முழுக்க முன்னே தள்ளினால் கல்லட்டி ஏற்றத்தில் செகண்ட் கியர். பின்னே இழுத்தால் டாப் கியர்.

பவர் கூட்ட லிவர்களை நகர்த்தும் வரிசை: சிவப்பு, நீலம், கறுப்பு. குறைக்க அப்படியே தலைகீழ். இறங்கும்போது நீலத்தை முன்னே தள்ள மறந்துவிட்டு, மறுபடி மேலேற கறுப்பை மட்டும் முழுக்கத் தள்ளுவதுதான் அடிக்கடி நடக்கும் தப்பு. டாப் கியரில் ஏற்றம் ஏறுகிற கதைதான்: சிலிண்டரில் அழுத்தம் எகிறும், தேவையான பவரும் வராது.

சிவப்பு இன்னும் நுணுக்கம். டர்போ இல்லாத என்ஜினில் ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் (பாதரச அளவில்) மேனிஃபோல்ட் பிரஷர், அதாவது என்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தம், குறையும். ஊட்டி உயரத்தில் த்ராட்டில் முழுதும் திறந்தாலும் 22, 23 அங்குலம்தான். அங்கே பெட்ரோலைக் குறைத்து மெலிதாக்கிய மிக்ஸ்சரை அப்படியே வைத்துக் கோவைக்கு இறங்கினால், காற்று அடர்ந்து என்ஜின் திணறும். இறங்க இறங்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் செறிவாக்க வேண்டும்.

சிரஸ் எஸ்.ஆர்.22-இல் கறுப்பும் நீலமும் ஒரே லிவர். சிவப்பு தனியாகவே இருக்கிறது. டயமண்ட் டி.ஏ.40 என்.ஜி. டீசல் விமானத்தில் மூன்றுக்கும் சேர்த்து ஒரே லிவர், மற்றதெல்லாம் ஈ.சி.யு. பொறுப்பு. சௌகரியம்தான், ஆனால் ஈ.சி.யு.வுக்குக் கரண்ட் வேண்டுமே! 2007-இல் ஜெர்மனியின் ஸ்பையரில் ஒரு டி.ஏ.42 (டயமண்டின் இரட்டை என்ஜின் விமானம்), பேட்டரி இறங்கியிருந்ததால் வெளி மின்சாரத்தில் ஸ்டார்ட் செய்யப்பட்டது. மேலே கிளம்பிச் சக்கரங்களை மடக்கியதும் வோல்டேஜ் சரிந்தது. ஈ.சி.யு.வுக்குக் கரண்ட் போதாமல் இரண்டு என்ஜினும் நின்றன.

ஆகவே பேட்டரி இறங்கியிருந்தால் வெளி மின்சாரத்தில் ஸ்டார்ட் செய்து பறக்கக் கிளம்பாதீர்கள்; முதலில் சார்ஜ் ஏற்றுங்கள். ஓடுபாதைக்குப் போகும் முன் ஈ.சி.யு. டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பிடித்து, ஏ, பி என்ற இரண்டு ஈ.சி.யு.க்களும் மாறி மாறிப் பொறுப்பேற்கின்றனவா என்று பாருங்கள். எச்சரிக்கை விளக்கு அணையும்வரை விரலை எடுக்க வேண்டாம்.