காய்ச்சல் விட்ட பிறகும் சாயும் தரை

ஐப்பசி மழை பிடித்ததும், ஈரோட்டில் நான் நடத்தும் பிசியோதெரபி நிலையத்துக்குக் கணுக்கால் பிசகி வரும் விளையாட்டு வீரர்கள் கூடிவிடுவார்கள். ஈர மண்தான் காரணம் என்று நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். கடைசியாகக் காய்ச்சல் வந்தது எப்போது என்று ஒவ்வொருவரிடமும் கேட்கத் தொடங்கிய பிறகுதான், அவர்களில் பலர் இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பு படுக்கையில் கிடந்தவர்கள் என்பது தெரிந்தது.

அவர்களில் ஒருவர் கோபிசெட்டிபாளையம் பக்கத்துக் கபடி வீரர். அணிக்காகப் பாடிப் போகிறவர். சளிக்காய்ச்சல் தணிந்த ஒரு வாரத்தில், விடிகாலையில் எழுந்தவருக்கு வீடே சுழன்று வாந்தி வந்திருக்கிறது. மூன்று நாளில் சுழற்சி அடங்கவே, மருந்துக்கடையில் வாங்கிய தலைச்சுற்றல் மாத்திரையை விடாமல் விழுங்கியபடி ஆட்டத்துக்குத் திரும்பிவிட்டார். "நேராப் போறப்ப ஒண்ணுமில்லீங்க சார், எடப்பக்கம் சட்டுனு திரும்புனா மட்டும் கோடு நிக்காம ஆடுதுங்க" என்றார்.

கண்ணைத் திறந்தபடி ஒற்றைக் காலில் அசையாமல் நின்றார். ரப்பர் பஞ்சு மெத்தை மேல் கால்களைச் சேர்த்து வைத்துக் கண்ணை மூடச் சொன்னேன். சில நொடிகளிலேயே இடப்பக்கம் சாய்ந்த அவரை நான் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. காது மூக்கு தொண்டை மருத்துவர் பரிசோதித்து, இடது உள்காதின் சமநிலை நரம்பில் அழற்சி என்றும், கேட்கும் திறன் குறையவில்லை என்றும் உறுதிசெய்தார்.

நம் உடல் எப்படி நிற்கிறது என்பதைக் கண், தசைகளும் மூட்டுகளும் தரும் உணர்வு, உள்காது ஆகிய மூன்றையும் கேட்டே மூளை முடிவு செய்கிறது. ஒவ்வொரு காதிலும் உள்ள 3 அரைவட்டக் குழாய்கள் தலையின் சுழற்சியை அறிகின்றன. வைரஸ் தொற்றைத் தொடர்ந்து ஒரு பக்க நரம்பு பழுதுபட்டால் அந்தப் பக்கத்துச் செய்தி குறைந்து, அசையாமல் இருப்பவரையும் சுற்றுபவராக மூளை எடுத்துக்கொள்கிறது. சில நாட்களில் மூளை அதற்குப் பழகிக்கொள்வதால் சுழற்சி அடங்கினாலும், தலையை விரைந்து திருப்பும்போது பார்வையை நிலைநிறுத்தும் அனிச்சைச் செயல் பின்தங்கியே இருக்கலாம். வீட்டுக்குள் நடமாடுபவருக்கு அந்தக் குறை தெரிவதே இல்லை. எதிரணியினர் எழுவர் நடுவில் திரும்புகிறவருக்கு அது ஒரு கணத்தில் காலை வாரிவிடும்.

சுழற்சியை அடக்கும் மாத்திரைகள் முதல் சில நாட்களுக்கு உதவும். அதற்கு மேல் தொடர்ந்தால், மூளை பழகிக்கொள்வதையே அவை தாமதப்படுத்தும். ஆகவே மருத்துவர் அவற்றை நிறுத்த, நான் பயிற்சியைத் தொடங்கினேன்: நீட்டிய கையின் கட்டைவிரலில் பார்வையை ஊன்றியபடி தலையை இருபுறமும் திருப்புவது, பிறகு அதையே நின்றும் நடந்தும் செய்வது. முதல் வாரம் குமட்டல் எடுக்கும். அதைக் கண்டு விட்டுவிடக் கூடாது.

எல்லாத் தடுமாற்றமும் காதிலிருந்து வருவதில்லை. டெங்குவில் படுத்துக் கிடந்தவருக்கு எழும்போது கண் இருட்டினால், நிற்கையில் இரத்த அழுத்தம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். சிக்குன்குனியாவோ கணுக்கால் மூட்டையே மாதக்கணக்கில் வலியிலும் வீக்கத்திலும் வைத்திருக்கக்கூடியது. நெஞ்சு வலி, படபடப்பு, மூச்சிரைப்பு இருந்தால் இதயத் தசையில் அழற்சி இல்லை என்று மருத்துவர் சொல்லும்வரை எந்தப் பயிற்சியும் வேண்டாம். தலைச்சுற்றலோடு பேச்சுக் குழறினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, திடீரெனக் காது கேட்காமல் போனாலோ, நிற்கவே முடியாவிட்டாலோ அன்றே பெரிய மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

மாவட்டப் போட்டி நெருங்குகிறது என்று பிள்ளையை அவசரப்படுத்தும் பெற்றோரின் தவிப்பு எனக்குப் புரிகிறது. அந்தக் கபடி வீரரும் ஒரு போட்டியை இழந்தார். அன்று என் முன் கண்கலங்கி உட்கார்ந்திருந்தார். 7ஆவது வாரத்தில் பஞ்சு மெத்தை மேல் கண்ணை மூடி 30 நொடி நின்றார். அடுத்த நாள் களத்துக்கு நானும் போயிருந்தேன். அவர் இடப்பக்கம் திரும்பித் திரும்பிப் பாடிப் பார்த்தார், கோடு அசையவில்லை.